இஞ்சிப்புல் அக்கா

நான் வேலை பார்த்த தோட்டத்தில் எதைக் கேட்டாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். கேட்பவர் தோட்டத்தை நடத்தும் தொரையோ, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவோ என்றால் "சரிங்க". வேறு யாராவது கேட்டால் "யாருக்குத் தெரியும்". மூன்றாவதாக ஒரு பதில் வைத்திருந்தவர் ஒருவர்தான். "தெரியலீங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். சொன்னபடி போய்ப் பார்க்கவும் செய்வார். பார்த்தது தனக்குச் சாதகமா பாதகமா என்று யோசிக்காமல் வந்து சொல்லவும் செய்வார். அதனால் அவரைப் பலருக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே சிலருக்கு அவரைக் கண்டால் பயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், இலங்கையில் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு நான் மருத்துவச்சியாகப் போனேன். ஹட்டனில் பிறந்து, கண்டியில் பயிற்சி முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. எனக்கு இருபத்துநான்கு வயது. தோட்டத்தில் எல்லாரும் என்னை 'மிஸி' என்றார்கள். அந்த மூன்றாவது பதிலைச் சொன்னவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். நெட்டையாக, ஒல்லியாக, எப்போதும் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். புல் வெட்டுவது அவர் வேலை. அவர் பெயர் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு மாதிரியும் அரிசிக் கூப்பனில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருந்தது. இரண்டையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. தொழிலாளர்கள் ஒற்றை அறைக் காம்பராக்களில் குடியிருந்த லயத்தில் அவர் எல்லாருக்கும் அக்கா. எனக்கும் அப்படித்தான்.

போன முதல் மாதத்தில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கர்ப்பிணிகளைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்தினேன். தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோலை ஏன் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும், கிருமி என்றால் என்ன, அது எப்படிப் பிள்ளையைக் கொல்லும் என்றெல்லாம் விளக்கினேன். பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்குத் துணையாக வந்திருந்த அக்கா, கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.

"அந்தக் கிருமிய நீங்க பாத்திருக்கீங்களா மிஸி?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பாத்திருக்கேன். கண்டியில படிக்கிறப்ப ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக் காட்டினாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"சின்னச் சின்னக் குச்சி மாதிரி."

"அசைஞ்சிச்சா?"

நினைத்துப் பார்த்தேன். "இல்ல. செத்ததுக்குச் சாயம் பூசித்தான் வச்சிருந்தாங்க."

"அப்ப உசுரோட பாக்கல."

"இல்ல."

"சரி, செத்ததையாச்சும் பாத்திருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு இரண்டு நாள் எரிச்சல் அடங்கவில்லை. என்னை வேண்டுமென்றே மடக்கினார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவருடைய லயத்தில் எந்தப் பிரசவத்துக்குப் போனாலும், நான் படியேறுவதற்கு முன்பே அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கவைத்தது அவர்தான்.

இனி அந்தப் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

இஞ்சிப்புல் வெளியே பார்க்க ஒரு சாதுவான புல். முழங்கால் உயரத்துக்கு வளரும். இலைகள் கொஞ்சம் நீலம் கலந்த பச்சையில், விறைப்பாக, தண்டின் இரண்டு பக்கமும் மாறி மாறி இருக்கும். இலை தண்டைப் பிடித்திருக்கும் இடத்தில் மெல்லிய ரோமம். விஷயமெல்லாம் மண்ணுக்குள்தான். அங்கே வெளிர்மஞ்சள் நிறத்தில், கணுக்கணுவாகத் தடித்து, இஞ்சி போலவே ஒரு தண்டு கிடையாக ஓடும். அதன் நுனி வெள்ளையாக, ஊசி மாதிரி இருக்கும். முழ ஆழத்துக்குக் கீழேயும் இறங்கும். சுரண்டியால் கொத்தினால் ஒன்று நான்காகும். பங்குனி வெயிலில் மேலே எல்லாம் கருகிப் போனாலும், முதல் மழைக்கு அதே இடத்தில் வந்து நிற்கும். தேயிலைக்குப் போட்ட உரத்தை அதுதான் முதலில் தின்னும். தோட்டத்தில் அதன் பெயரைச் சொன்னாலே கண்டாக்கையாவின் முகம் மாறிவிடும்.

அக்காவும் அவர் புருஷனும் கொந்தரப்பு எடுத்திருந்தார்கள். அதாவது, தேயிலை மலையில் ஒரு பகுதியைப் புல் இல்லாமல் வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு. புருஷன் ஆலையிலும் வேலை செய்ததால் மலையில் பெரும்பாலும் அக்காதான். மற்றவர்கள் சுரண்டியால் வழித்துக்கொண்டு போகும் இடத்தில், அவர் நீண்ட பற்கள் உள்ள இரும்பு முள்ளை இறக்கி மண்ணை நெம்பி, அந்தத் தண்டை அறுபடாமல் விரலால் தொட்டுக்கொண்டே போவார். நேரம் ஆகும். ஆனால் அவர் பகுதியில் அது மறுபடி வந்ததில்லை.

ஒருநாள் வழியில் என்னை நிறுத்தி, மடியிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக் காட்டினார். தோட்டக்காரர்கள் போட்ட மரக்கறிப் பாத்தியில் கிடைத்ததாம். அதன் ஒரு பக்கம் இஞ்சிப்புல்லின் நுனி நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. ஆணி அடித்தது போல அவ்வளவு சுத்தமான ஓட்டை.

"சுத்திப் போக எடம் இருந்துச்சு மிஸி. ஏன் உள்ள போயி வந்துச்சு?"

எனக்கு என்ன தெரியும்? "ஈரத்துக்காக இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அவர் காம்பராவின் பின்பக்கம், மழைத்தண்ணீர் ஓடும் கானின் ஓரத்தில் ஒரு வரிசை டின்கள் இருந்தன. ஜாம் டின், பால் டின், மண்ணெண்ணெய் டின்னில் பாதி. பூச்செடி என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் எல்லாவற்றிலும் இஞ்சிப்புல். சிலவற்றில் வெறும் மண்.

"இதுல கணு இல்லாத துண்டு. வரல்ல" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "இதுல ஒரே ஒரு கணு. வந்துச்சு. இது எட்டு நாள் பாறையில வெயில்ல காஞ்சது. செத்துரும்னு நெனச்சேன், வந்துருச்சு. அதுக்கு மேல காஞ்சது வரல்ல. இந்தப் பெரிய டின்னுல முழங்கை ஆழத்துல பொதச்சேன். ரெண்டு மாசம் ஆச்சு, ஆனாலும் வந்துச்சு."

"இதுல ஒண்ணுமே இல்லையே?"

"அது வெத போட்டது. இந்தப் புல்லு பூக்கும் மிஸி, பாத்திருக்கீங்களா? கதிரு மாதிரி விரிஞ்சி, மணி மணியா இருக்கும். நசுக்கிப் பாத்தா உள்ள ஒண்ணுமில்ல. எல்லாம் சொத்தை. ரெண்டு வருசமாப் போட்டுப் பாக்கிறேன், ஒண்ணுகூட மொளைக்கல. அப்ப எதுக்குப் பூக்குது?"

தோட்டமே பிடுங்கி எறியும் ஒன்றை ஒரு பெண் டின்னில் வைத்து வளர்க்கிறாள் என்றால் யாருக்கும் விசித்திரமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அந்த வெறும் டின்னின் முன்னால் நானும் கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏழாம் நம்பர் மலையின் சங்கதி அதற்கடுத்த ஆண்டு வந்தது.

அக்காவின் லயத்துக்கு நேர் கீழே இருந்த மலை அது. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தார்கள். கன்றுகள் தவறணை என்ற நாற்றுப் பண்ணையில், சிறு கூடைகளில் மண் போட்டு வளர்க்கப்பட்டவை. கூடையோடு கொண்டுவந்து குழியில் வைத்தார்கள். அந்த மலையின் கொந்தரப்பு முத்தையா என்ற இளைஞனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அவன் மனைவி செல்லத்துக்கு முதல் பிரசவம், ஒன்பதாம் மாதம். அவளை நான்தான் பார்த்து வந்தேன். கால் வீங்கியிருந்தது. எனக்கு அவளைப் பற்றிக் கவலை இருந்தது.

மழை விட்டதும் ஏழாம் நம்பர் மலை முழுக்க இஞ்சிப்புல் எழும்பிவிட்டது. ஒரு மூலையில் என்றால் பரவாயில்லை, மலை முழுக்க. முத்தையா ஒழுங்காக வேலை செய்யாமல் சுரண்டியால் கொத்திப் பெருக்கிவிட்டான் என்றார் கண்டாக்கையா. அவனுக்குப் பத்துச்சீட்டு என்று பேச்சு அடிபட்டது. பத்துச்சீட்டு கொடுத்தால் வேலை மட்டுமல்ல, காம்பராவும் போய்விடும். அந்தக் குளிரில், அந்த வயிற்றோடு, அவள் எங்கே போவாள்?

மறுநாள் கண்டாக்கையா லயத்தின் பின்பக்கம் போயிருக்கிறார். அங்கே அக்காவின் டின்கள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அன்று பெரிய தொரையே வந்து நின்றார். வெள்ளைக்காரர், வயதானவர், சிடுசிடுப்பானவர். ஆனால் மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார். செல்லத்துக்காக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நானும் போய் ஓரமாக நின்றேன். கண்டாக்கையா இரண்டு டின்களைத் தரையில் வைத்து, "இந்தப் பொம்பள புல்லை வளக்குது சேர், முத்தையாவும் இதுவும் சேர்ந்து செஞ்ச வேலை" என்றார்.

"இது நீ நட்டதா?" என்று தொரை கேட்டார்.

"ஆமாங்க. டின்னுல நட்டது நாந்தாங்க."

"மலைக்கு இதுலயிருந்து போனதா?"

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அவர் வாயிலிருந்து 'இல்லீங்க' என்று வரும் என்று காத்திருந்தார்கள். நானும்தான்.

"தெரியலீங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். முத்தையாவின் முகத்தில் ரத்தம் இல்லை. கண்டாக்கையா சிரித்தார். தொரை மட்டும் சிரிக்கவில்லை. டின்னைக் குனிந்து பார்த்து, "எப்போ சொல்வே?" என்றார்.

"திங்கக்கெழம சொல்றேங்க. தோண்டிப் பாக்கணும்."

"திங்கக்கிழமை நானும் வாறேன்" என்று சொல்லிவிட்டுத் தொரை போனார்.

அன்று மாலை அக்காவின் காம்பராவுக்குப் போய் அவரோடு சண்டை போட்டேன். அப்படிக் கோபமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன அக்கா? ஒரு குடும்பம் நடுத்தெருவுக்குப் போகப் போகுது. பிள்ளை எங்க பொறக்கும்? மரத்தடியிலயா?"

"இல்லன்னு சொல்லிட்டு, தோண்டுறப்ப ஆமான்னு வந்தா?"

"யாரு தோண்டப் போறாங்க?"

"நான் தோண்டுவேனே" என்றார், அதில் என்ன சந்தேகம் என்பது போல.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த அவர் புருஷன் பேசினார். "இவ இப்படித்தான் மிஸி. பிரஜா உரிமைக்கு எழுதிப் போட்டோமே, அந்த விசாரணைக்குக் கூப்பிட்டப்ப தொரைமாரு கேட்டாங்க, நீ இந்தியாவுக்குப் போனதே இல்லையான்னு. போயிட்டு வந்தவங்களுக்கு உரிமை கெடைக்காதுன்னு, எல்லாரும் போனதில்லன்னு சொல்லச் சொல்லிக் குடுத்து அனுப்புனாங்க. இவ என்ன சொன்னா தெரியுமா? கைப்பிள்ளையா இருக்கையில என்னைத் தூக்கிட்டுப் போயிட்டு வந்ததா ஆத்தா சொல்லும், எனக்கு நெனவு இல்லீங்கன்னா. முடிஞ்சிச்சு. மனு தள்ளுபடி. இவ சொல்லலேன்னா அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றார் அக்கா மெதுவாக.

புருஷன் எழுந்து வெளியே போய்விட்டார். அடுப்புப் புகை கண்ணைக் கரித்தது. அவர் ஒரு கோப்பையில் பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றி என்னிடம் நீட்டினார். சீனி போட மறந்திருந்தார். தொரைக்கு முன்னால் அப்படி நிமிர்ந்து நின்றவருக்கும் உள்ளே பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஆத்துக்குப் போறேன், வாறீங்களா மிஸி?" என்றார்.

"ஆத்துல என்ன?"

"தவறணைக்கு மண்ணு எடுத்த எடம் அங்கதான்."

மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போக வேண்டியவள் நான். போகவில்லை. அட்டை கடிக்க, குறுக்குப் பாதையில் இறங்கி இரண்டு பேரும் ஆற்றங்கரைக்குப் போனோம். ஒருபக்கம் சிங்களக் கிராமத்து வயல்கள், மறுபக்கம் மணல் திட்டும் சேறும். அங்கே இஞ்சிப்புல் ராஜாவாக இருந்தது. ஈரமணலில் பாய் விரித்தது போலக் கிடந்தது. சில தண்டுகள் கரையை விட்டு இறங்கி, தண்ணீருக்குள்ளேயே நீட்டிக்கொண்டு போயிருந்தன. வெள்ளம் அறுத்துக்கொண்டு போன துண்டுகள் கீழே கல்லில் தங்கி அங்கேயும் முளைத்திருந்தன. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"இதுதான் மிஸி இதோட வீடு" என்றார். "மலையில இது விருந்தாளி. இங்க பாருங்க, எவ்வளவு சந்தோசமா இருக்கு."

வயல் வரப்பில் ஒரு பெரியவர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கடைவீதிச் சிங்களம் தெரியும். இரண்டு பேரும் புல்லைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அந்தப் புல்லுக்கு அவர்கள் ஊரில் எட்டோரா என்று பெயராம். அதை வரப்பிலிருந்து பிடுங்க மாட்டார்களாம். பிடுங்கினால் அடுத்த வெள்ளத்துக்கு வரப்பு கரைந்துவிடும். எருமை அதை விரும்பித் தின்னும் என்றும் சொன்னார். நாங்கள் அதைத் தோண்டித் தோண்டி அழிக்கிறோம் என்று அக்கா சொன்னதும் பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். திங்கட்கிழமை என்ன ஆகுமோ என்று எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பெரிய மூங்கில் புதர் ஒன்றின் அடியில் போய் நின்று அக்கா நெடுநேரம் தரையைப் பார்த்தார். அங்கே ஒரு இஞ்சிப்புல்கூட இல்லை. பன்னிரண்டு அடி தள்ளி, வெயில் விழும் இடத்தில் மறுபடி அடர்த்தியாக இருந்தது. திரும்பும்போது, மண் வெட்டி எடுத்த பள்ளங்களைப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில், மணல் கலந்த மண். ஒரு பிடியை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை தொரை வந்தார். கண்டாக்கையா குடையோடு பின்னால் வந்தார். முத்தையா, அக்காவின் புருஷன், நான், வேலைக்குப் போகாமல் நின்ற பத்துப் பதினைந்து பேர்.

"எந்த எடத்துல தோண்டணும்னு நீங்களே காட்டுங்க" என்றார் அக்கா. "நான் காட்டுனா எனக்குத் தோதா காட்டுனேன்னு சொல்வாங்க."

தொரை கைத்தடியால் பத்து இடங்களைக் காட்டினார். மேலே, கீழே, நடுவில், ஓரத்தில்.

அக்கா முதல் குழியில் முள்ளை இறக்கினார். அவசரமே இல்லை. மேல்மண்ணை ஒதுக்கி, தண்டைத் தொட்டு, அதன் போக்கிலேயே விரலை விட்டு விட்டுப் போனார். எங்கே தண்டு இளசாக வெள்ளையாக இருக்கிறது, எங்கே முற்றிப் பழுப்பாக இருக்கிறது என்று தொரைக்குக் காட்டினார். முற்றியதுதான் தாய். தாய் எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்துதான் மற்றதெல்லாம் புறப்பட்டது. அந்தக் குழியில் தாய் இருந்தது தேயிலைக் கன்றின் வேருக்கு நடுவில், உக்கிப்போன கூடைக்குள்ளே. கூடைக்குள் இருந்த மண் சாம்பல் நிறம். அதைச் சுற்றியிருந்த மலை மண் செக்கச் சிவப்பு. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஆற்று மண்ணை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறம்.

இரண்டாவது குழியிலும் அப்படி. மூன்றாவதிலும் அப்படி. நான்காவதில் தொரையே முழங்காலை மடித்துக் குந்திவிட்டார். தவறணைக்கு ஆற்று மண்ணை எடுக்கச் சொன்னது யார் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கண்டாக்கையா மலையின் மறுபக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது குழியும் முடிந்தபோது முத்தையா அழுதுவிட்டான்.

"போதும்" என்றார் தொரை, எழுந்துகொண்டே. "விளங்கிட்டுது."

"இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றார் அக்கா.

பத்தாவது இடம் மலையின் மேல் விளிம்பில், லயத்துக் கானுக்குப் பக்கத்தில் இருந்தது. தொரை கையைக் காட்டி வேண்டாம் என்றார். அக்கா தோண்டத் தொடங்கியிருந்தார். கன்றின் கூடைக்குள் சாம்பல் மண் இருந்தது, ஆனால் அதில் தண்டு இல்லை. தண்டு வெளியிலிருந்து வந்திருந்தது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனார். ஒரு முழம், இரண்டு முழம். கானுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போயிருந்தது. அவர் கானைத் தாண்டி, மறுபக்கம் தோண்டினார். கடைசியில் டின்கள் இருந்த இடத்துக்குப் போய் நின்றார். கண்டாக்கையா உதைத்துத் தள்ளிய டின் ஒன்று அங்கேயே கிடந்தது. அதைத் தூக்கினார். தண்ணீர் வடிவதற்காக ஆணியால் அடித்திருந்த ஓட்டை வழியாக ஒரு தண்டு வெளியே வந்து, அறுபட்டு நின்றது.

"இது மட்டும் எங்க டின்னுலயிருந்து போனதுங்க" என்றார். முகம் பளபளவென்று இருந்தது. "பாருங்க, எவ்வளவு சின்ன ஓட்டை! இதுக்குள்ள நசுங்கிப் போயி, வெளிய வந்ததும் மறுபடி தடிச்சிருக்கு!"

அவர் புருஷன் திரும்பி லயத்துக்குப் போய்விட்டார். தொரை அந்த டின்னை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இந்த மலையை இப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டார். ஒரு புல்லுவெட்டுக்காரியிடம் பெரிய தொரை யோசனை கேட்டதை அன்றுதான் நாங்கள் பார்த்தோம்.

"வெட்டக் கூடாதுங்க. முள்ளால நெம்பித்தான் எடுக்கணும். கன்னு வளந்து மூடிக்கிட்டா அடங்கிரும்னு நெனைக்கிறேன். ஆத்தோரம் மூங்கிலு நெழல்ல ஒண்ணுகூட இல்லீங்க. ஆனா தேயில நெழலும் அப்படிச் செய்யுமான்னு தெரியலீங்க."

முத்தையாவுக்குப் பத்துச்சீட்டு இல்லை என்று அங்கேயே சொல்லப்பட்டது. அந்த வாரத்திலேயே செல்லத்துக்கு ஆண்பிள்ளை பிறந்தது, அவளுடைய சொந்தக் காம்பராவில். தண்ணீர் கொதிக்கவைத்து நின்றவர் அக்கா. கண்டாக்கையாவைத் தொரை எல்லாருக்கும் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. தவறணைக்கு ஆற்று மண் எடுப்பது மட்டும் நின்றுபோனது. ஏழாம் நம்பர் மலையை அக்கா சொன்னபடியே விட்டார்கள். கன்றுகள் கிளைத்து மூட, இஞ்சிப்புல் மெலிந்து மெலிந்து ஓரங்களுக்கு ஒதுங்கியது. தேயிலை நிழலும் அப்படித்தான் செய்யும் என்று தெரியவந்தது.

ஆனால் தோட்டத்து மண்ணில் இஞ்சிப்புல்லை வளர்த்தவருக்குத் தண்டனை இல்லாமல் விட முடியாது என்று கண்டாக்கையா எழுதி வைத்தார். அக்காவின் கொந்தரப்பு போனது. புருஷன் ஆலைக்கு நடக்கும் தூரம் இரண்டு மடங்காகும்படி, அவர்களைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு லயத்துக்கு மாற்றினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் போனேன்.

"அந்தப் பத்தாவதைத் தோண்டாம விட்டிருக்கலாமே அக்கா. தொரையே போதும்னுட்டாரு."

அவர் ஒரு சாக்கின் வாயைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அத சொல்லலேன்னா மத்த ஒம்பதும் பொய்யாப் போயிருக்கும் மிஸி."

அவர் புருஷன் அவரோடு பேசத் தொடங்க ஒரு வாரம் ஆனதாக முத்தையா சொன்னான். அந்த மனிதரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். இப்படி ஒருவரோடு வாழ்வது சுலபமில்லை. நானே பல தடவை, அவரிடம் ஒன்றைச் சொல்வதற்கு முன் அது எனக்கு உண்மையிலேயே தெரியுமா என்று யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறேன். அது சில நாட்களில் பெரிய தொந்தரவாக இருந்தது.

அதன் பிறகு அவரை அடிக்கடி பார்க்க முடியவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பிரசவம் ஒன்று பார்த்துவிட்டு மேற்கணக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பழைய தேயிலையைப் பிடுங்கிய ஒரு சரிவில் பெண்கள் வரிசையாகப் புல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமாம், நட்டுக்கொண்டிருந்தார்கள். சோளத்தின் இலை போல அகலமான இலையுள்ள புல். குவாட்டமாலா என்று பெயர். செத்துப்போன மண்ணைத் தேற்றுவதற்காக எங்கோ தூரதேசத்திலிருந்து வந்தது. அந்த வரிசையில் அக்காவும் இருந்தார். தலைமுடி நன்றாக நரைத்திருந்தது.

அவருக்கு எதிரே கான் ஓரத்தில் பெரிய தொரை உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கடிதம் இருந்தது. கண்டாக்கையா பின்னால் நின்று குடை பிடித்துக்கொண்டிருந்தார். தொரை கடிதத்தைப் பார்த்து ஏதோ சொல்வதும், அக்கா ஒரு நாற்றை வேரோடு தூக்கிக் காட்டி ஏதோ கேட்பதும், தொரை கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வதும் மேலிருந்தே தெரிந்தது. பேச்சுக் காதில் விழவில்லை. நான் பக்கத்தில் வருவதற்குள் தூறல் தொடங்கிவிட்டது. தொரை கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளைக் கிளப்பிப் போய்விட்டார்.

"என்ன அக்கா, தொரையே வந்து பாடம் படிக்கிறாரு?"

"இந்தப் புல்லு இங்க பூக்கவே மாட்டேங்குது மிஸி. அது பொறந்த ஊர்ல பூக்குமான்னு போன மாசம் கேட்டேன். யாருக்கோ எழுதிக் கேட்டிருக்காரு. அங்க நல்லாப் பூக்குமாம். இங்க ஏன் பூக்கலன்னு கேட்டேன், எழுதிக்கிட்டாரு. இஞ்சிப்புல்லு மாதிரி மண்ணுக்குள்ள ஓடாம இது ஏன் ஒரே எடத்துல குத்தா நிக்குதுன்னு கேட்டேன். அதையும் எழுதிக்கிட்டாரு."

கம்பளியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த நாற்றைக் கையில் எடுத்தார். தொரை போன திசையை ஒரு தடவை பார்த்தார்.

"மூணாவது ஒண்ணு கேட்டேன். அத மட்டும் எழுதிக்கல, பாத்தீங்களா?"

"என்ன கேட்டீங்க?"

"எங்க கொந்தரப்பு எப்ப திரும்பக் கெடைக்கும்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, குனிந்து நாற்றை நட்டு, சுற்றி மண்ணை மிதித்தார்.